சிம்மாசனத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம்; பல்லி விழுந்தால் என்ன பலன் என்று சொல்ல வருகிறவர்களுக்கும் பயம். லிஃப்டில் ஏறப் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், அதை எடுப்பதற்குள் குடும்பத்தில் பாதிப் பேரை மனசுக்குள்ளேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன். (எடுத்துக் கேட்டால் கடன் வேண்டுமா மேடம் என்பார்கள்.) இப்படிப்பட்ட நான் ஒருநாள் ஹைதராபாத்தில் ஓர் அரண்மனையையே கதி கலங்க வைத்தேன் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அரண்மனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் என்னை மறந்திருப்பார்கள், நானாக எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

எனக்கு ஊர் கோவில்பட்டி. அப்போது கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. தப்பு எங்கே வரும் என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு உண்டா? தங்கியிருந்தது பெண்கள் விடுதியில், ஒரு அறைக்கு மூன்று பேர்.

அந்தச் சமயத்தில்தான் முரளியின் ஜாதகம் வந்தது. தப்பு, ஜாதகம் வரவில்லை. அங்கேதான் சிக்கலே. முரளியின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்து, திருமுல்கேரியில் வீடு கட்டித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவனுடைய அப்பா குஷாய்குடாவில் பெரிய அரசாங்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீட்டரில் முள் அசைந்தால்தான் எதையும் நம்புவார். ஜாதகம், சகுனம், ராகு காலம், திருஷ்டி, எதுவும் அவரிடம் செல்லாது. தரகு பார்த்த அக்கா முதல் போனிலேயே எச்சரித்துவிட்டாள். "இதுக்கு முன்னாடி ஒரு இடம். பேச்சு முடிவாகுற நேரம், பொண்ணு வீட்டுக்காரங்க பூனை குறுக்க போச்சுன்னு பாதி வழியில திரும்பிட்டாங்க. 'அப்படியே போகச் சொல்லு, இனிமே இந்தப் பக்கம் வரவே வேண்டாம்'னு சொல்லிட்டார் மனுஷன். பாத்து நடந்துக்கோங்க."

இவ்வளவு கெடுபிடியான இடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் முரளி. முதல் தடவை போனில் பேசும்போதே (நடுங்கிக்கொண்டுதான்) எனக்கு லிஃப்டில் ஏறப் பயம் என்று உளறிவிட்டேன். போச்சு, என்று நினைத்தேன். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்கு எஸ்கலேட்டர். இன்னிவரைக்கும் ஏறினதில்ல. பரவால்ல, நாம படியில போயிக்கலாம்." நாம என்று அவன் சொன்ன அந்தச் சொல்லோடு என் கதை முடிந்துவிட்டது. எனக்கு அவன் வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று தோன்றியதும், அது கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

பெண் பார்ப்பதற்கு வீடு வேண்டுமே? விடுதியில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். கோயிலில் பார்க்கலாம் என்றால் முரளியின் அம்மாவுக்குச் சம்மதமில்லை. செகந்திராபாத் தமிழர்கள் எல்லோரும் ஒரே கோயிலுக்குத்தான் வருவார்கள், இது கூடவில்லையென்றால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டுமாம். கடைசியில் முரளியின் அப்பாதான் சொன்னார். "பழைய ஊர்ல அரண்மனை மியூசியம் இருக்கு. அறிவு வளர்ற மாதிரியும் ஆச்சு, பொண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு." இப்படியாக என்னைப் பெண் பார்க்கும் படலம் நவாபுகள் கொலுவிருந்த தர்பாரில் என்று முடிவாயிற்று. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்தக் கொடுப்பினை வாய்த்ததில்லை.

அப்பாவால் கடையை விட்டு வர முடியவில்லை. அம்மா மட்டும் ரயிலேறி வந்தாள். முறுக்கு, சேவு, கடலை மிட்டாய் எல்லாம் எடுத்து வைத்தபின், கடைசியாக ஒரு மஞ்சள் துணி முடிச்சைப் பிரித்தாள். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். தலையில் குங்குமம், இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு.

"அம்மா! அவருக்கு இதெல்லாம் ஆகாதுன்னு சொன்னேன்ல?"

"அவுகளுக்கு ஆகாட்டி அவுக வச்சுக்கிட வேண்டாம். நீ வச்சுக்கோ. காளி கோயில்ல மந்திரிச்சது. அவுக வாயால சம்மதம்னு சொல்லுத வரைக்கும் உன் இடுப்புலயே இருக்கணும். தரையில மட்டும் விழப்படாது, கேட்டியா? விழுந்துச்சோ, காரியம் அம்புட்டுத்தான்."

இது போதாதா எனக்கு? இதுவரை முரளியின் அப்பாவுக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது புவியீர்ப்பு விசைக்கும் பயப்பட வேண்டியதாயிற்று.

வாடாமல்லி நிறப் பட்டுப்புடவை. அறைத்தோழி நூறு ஊக்கு குத்திவிட்டாள். எலுமிச்சம்பழம் இடுப்பின் இடது பக்கம், கொசுவத்துக்கு மேலே. அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே ஆட்டோவில் பழைய நகரம் போய்ச் சேர்ந்தேன். பார்க்கிறவர்களுக்கு இடுப்பு வலி என்று தோன்றியிருக்கும்.

வாசலிலேயே அவர்கள் காத்திருந்தார்கள். மாமா உயரமாக, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு நின்றார். அத்தைக்கு வட்ட முகம், சிரித்த கண். முரளி என்னைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான், பிறகு அரண்மனையைப் பார்த்தான். அம்மா கும்பிட்டு, "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி" என்று ஏதோ அரண்மனை எங்களுடையது மாதிரி அவர்களை உள்ளே அழைத்தாள்.

பெண்களுக்குத் தனிச் சோதனை வரிசை. அத்தை எனக்குப் பின்னால் நின்றார். சோதனை செய்த பெண் காவலர் என் இடுப்பைத் தடவியவர், நிறுத்தினார். அழுத்தினார்.

"யே க்யா ஹை?"

"நிம்பு" என்றேன். எலுமிச்சைக்கு இந்தி தெரிந்திருந்ததே பெரிய விஷயம்.

"கைக்கு?"

எதற்கா? மந்திரித்தது என்று சொல்ல முடியுமா? பின்னால் அத்தை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "உல்டி!"

உல்டி என்றால் வாந்தி. பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம் முகர்வார்களே, அதைத்தான் சொல்ல நினைத்தேன். பெண் காவலர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். திரும்பினால், அத்தையின் சிரித்த கண் சிரிப்பை நிறுத்திவிட்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் தனக்கு வாந்தி என்கிறாள், இடுப்பில் புடைப்பாக எதையோ மறைக்கிறாள். அந்தம்மா என்ன நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஆட்டோ ஒத்துக்கல அத்தை" என்றேன்.

"ஹவ்?" என்றார் அத்தை. அப்படியா என்று அர்த்தம். அதில் நம்பிக்கை ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பார்த்தது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. வாள்கள் இருந்தன. பீங்கான்கள் இருந்தன. மாமா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பலகையில் எழுதியிருப்பதை உரக்கப் படித்து, பிறகு எங்களுக்கும் விளக்கினார். நடுவில் என்னைப் பார்த்து, "உனக்கு இந்த நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் நம்பிக்கை உண்டாம்மா?" என்றார்.

"சேச்சே, இல்ல மாமா" என்றேன். இடுப்பில் காளி சுருக்கென்று குத்தினாள். (குத்தியது ஊக்கு. அன்றைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை.)

தர்பார் மண்டபத்துக்குள் நுழைந்தோம். எவ்வளவு உயரம்! கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள் வரிசையாகத் தொங்கின. அது அறுந்தால் நேராக யார் தலையில் விழும் என்றுதான் முதலில் பார்த்தேன். எதிரே பளிங்கு மேடை, அதன்மேல் சிம்மாசனம், மேடையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு முன்னால் தெலுங்குக்காரச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு அந்த இடம் பார்த்ததும் லட்சணமாகத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. என் முழங்கையில் இடித்தாள். "ஏட்டி, இன்னும் மாமா கால்ல விழுந்து கும்பிடலையே? இப்போ விழு. சீக்கிரம்."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெரியவர்கள் காலில் விழ வேண்டும். அது சட்டம். இடுப்பில் பழத்தோடு எப்படி விழுவது என்று அம்மாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பக்தியாகக் குனிந்து, முட்டி போட்டு, நெற்றி தரையில் படும்படி விழுந்தேன். விழுந்த வேகத்தில் ஊக்கு ஒன்று பட்டென்று தெறித்தது. எலுமிச்சம்பழம் இடுப்பிலிருந்து விடுதலையாகி, பளபளத்த தரையில் உருண்டு, சிவப்புக் கயிற்றுக்குக் கீழே புகுந்து, சிம்மாசன மேடையின் முதல் படியில் இடித்து நின்றது. குங்குமம் மேலே பார்த்தபடி.

மாமா பதறிப்போய்ப் பின்வாங்கினார். "சீச்சீ, எந்திரிம்மா, எந்திரி! என்ன பழக்கம் இது?" அவர் நகர்ந்துவிட்டதால், நான் நேராகச் சிம்மாசனத்துக்கு விழுந்து கும்பிட்டதாக ஆகிவிட்டது. தெலுங்குக் கூட்டத்திலிருந்த ஒரு பெரியம்மா, இங்கே கும்பிட வேண்டும் போல என்று நினைத்து, அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எழுந்ததும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். காலி. அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேடைப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "தரையில விழுந்துருச்சேட்டி" என்று உதடு மட்டும் அசைந்தது.

எப்படியாவது நகர்ந்துவிடலாம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த அதே நொடியில் மண்டபக் காவலாளி பார்த்துவிட்டார். வெள்ளைத் தாடி வைத்த வயதானவர். கிட்டே வந்தார், குனிந்தார், குங்குமத்தைப் பார்த்தார், கறுப்புக் கயிற்றைப் பார்த்தார். துள்ளிப் பின்னால் போனார்.

"யே கோன் ரக்கா? கோன் ரக்கா யஹாங்?" யார் வைத்தது இது என்று அவர் போட்ட சத்தத்தில் சரவிளக்குகள் கிணுகிணுத்தன. (சத்தியமாக.)

அந்தப் பெரியம்மாவும் எட்டிப் பார்த்தார். "அம்மோ! பாணாமதி!" என்று அலறினார்.

தெலங்கானாவில் பாணாமதி என்றால் சூனியம். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைத் தெருவில் கண்டால் ஆட்டோக்காரர்கூட வளைத்து ஓட்டிப் போவார். அது சிம்மாசனத்தின் காலடியில் கிடந்தால்? அந்தக் கூட்டம் மொத்தமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தை அழுதது. காவலாளி விசில் ஊதினார். வெளியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, மண்டபத்தின் பெரிய கதவுகளைச் சாத்தினார்கள். கையில் வாக்கிடாக்கியோடு வந்த மேற்பார்வையாளர், யார் வைத்தது என்று தெரியாமல் ஒருத்தரும் வெளியே போகக் கூடாது என்றார்.

அந்தக் கதவு சாத்தப்பட்ட சத்தம் இன்றும் எனக்குக் கனவில் கேட்கும். போலீஸ் வரும், விலங்கு மாட்டும், பேப்பரில் போட்டோ வரும், கம்பெனியில் வேலை போகும் என்று வரிசையாக ஓடியது. அத்தனையும் வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், "இது உன்னுதாம்மா?" என்று மாமா கேட்பாரே, அதைத்தான் தாங்க முடியாது. பூனைக்குத் திரும்பிப் போனவர்களையே மன்னிக்காத மனுஷர். மந்திரித்த பழத்தோடு வந்தவளை என்ன செய்வார்? எனக்கு முரளி இல்லாமல் போய்விடுவான்.

இதற்கு நடுவில் அத்தை என்னைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். புடைப்பு இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. என் கணக்குப்படி அவர் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் வாயைத் திறந்தது மாமா. இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்காகவே ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். இந்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினார். "படிச்சவங்கதானே நீங்க? இது வெறும் பழம்! மரத்துல காய்க்கிறது! இதுல என்ன கரண்டா ஓடுது? நகருங்க, நான் எடுக்கறேன்."

"ஹாத் நக்கோ லகாவ் சாப்!" என்று காவலாளி கெஞ்சினார். கை வைக்காதீர்கள் ஐயா.

மாமா கேட்கவில்லை. கயிற்றருகே போனார். குனிந்தார். கையை நீட்டினார். கை, பழத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கை மெதுவாகத் திரும்பி வந்து சட்டைப்பையிலிருந்த பேனாக்களைச் சரி செய்தது.

"மியூசியத்துல பொருளைத் தொடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. ரூலை நாம மதிக்கணும்" என்றார்.

கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். காவலாளிகள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்திக் கூரை மூலையைப் பார்த்தார். அங்கே கேமரா இருந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வாக்கிடாக்கியில் யாரிடமோ சொன்னார்.

முடிந்தது. நான் விழுவதும், பழம் ஓடுவதும் திரையில் படமாக ஓடப் போகிறது. மாமாவும் அதைப் பார்க்கப் போகிறார்.

பக்கத்தில் ஏதோ உரசியது. முரளி. அவன் முகம் சுவரைவிட வெளுத்திருந்தது. "அது உங்களுதா?" என்றான், காற்று மட்டும் வரும் குரலில்.

தலையசைத்தேன்.

"டென்ஷன் நக்கோ" என்றான். அவனுக்கே பல் தந்தியடித்தது. "நான் வச்சதுன்னு சொல்லிடறேன். அப்பா என்னைத் திட்டினா ரெண்டு மாசம் பேச மாட்டார், அவ்வளவுதான். உங்களை வேண்டாம்னு சொல்லிட்டா..." எஸ்கலேட்டரில் ஏறத் தெரியாத அந்த மனுஷன், மேற்பார்வையாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அவன் கை தோளுக்கு மேலே போவதற்குள் நான் கயிற்றைத் தாண்டிவிட்டேன். எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். மீதி ஊக்குகளில் பாதி அங்கேதான் போனது. "ஹாத் நக்கோ!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். பழத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த கை நடுங்கிய நடுக்கத்தில் பழம் மறுபடியும் விழப் பார்த்தது. அடுத்து என்ன செய்வது? யோசித்து வைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். காதில் மாமா சொன்னது மட்டும் நின்றது: இது வெறும் பழம்.

பழம் என்றால் தின்ன வேண்டியதுதானே? தின்றேன்.

கறுப்புக் கயிற்றைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குங்குமத்தோடு, தோலோடு, கடித்தேன். கடித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. தடயம் இருக்கக் கூடாது என்று பயந்த மூளை சொன்னதோ என்னவோ, கொட்டையோடு சேர்த்து முழுப் பழத்தையும் நவாபின் சிம்மாசனத்துக்கு முன்னால் நின்று மென்று விழுங்கினேன். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. தோலின் கசப்பில் காது அடைத்தது. உதடெல்லாம் குங்குமம். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த பெரியம்மா, "தல்லீ!" (தாயே!) என்று இந்தத் தடவை எனக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது. "அடிப்பாவி! மந்திரிச்ச பழத்தைத் தின்னுட்டாளே! காளீ..." என்று சுத்தமான கோவில்பட்டித் தமிழில் அலறினாள். அடுத்த சொல் வருவதற்குள் அத்தை பாய்ந்து, தன் கைக்குட்டையை அம்மாவின் வாயில் வைத்து அழுத்திவிட்டார். "ஐயோ, மதினிக்கு மயக்கம் வருது! தண்ணி கொண்டாங்க, பானி, பானி!" அம்மா மயக்கமெல்லாம் போடவில்லை. மூச்சுவிடத்தான் திணறிக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் கயிற்றைத் தாண்டியதற்காக என்னைத் திட்டினார். தள்ளி நின்றுதான் திட்டினார். பழமே இல்லாத பிறகு பதிவைப் பார்த்து என்ன செய்வது என்று கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டு காவலாளிகள் எங்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். நான் ஓர் அடி அவர்கள் பக்கம் நகர்ந்தால் அவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள். வெள்ளைத்தாடிப் பெரியவர் மட்டும் கிட்டே வந்து, தன் பாட்டிலைக் கொடுத்தார். "பானி பியோ பேட்டி" என்றார். அந்தத் தண்ணீரை மறக்க மாட்டேன்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் மாமா நின்றார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். பேச முடியாது, நாக்கு மரத்துப்போயிருந்தது. பிறகு அவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இத்தனை பேர் நடுங்கின இடத்துல உங்க பொண்ணு ஒருத்திதாம்மா பயப்படல. இப்படி ஒரு தைரியசாலி எங்க வீட்டுக்கு வரணும். எங்களுக்குப் பரிபூரண சம்மதம்."

என் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள். தோல் ஒரு துண்டு தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

கல்யாணம் நடந்தது. தண்டனை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். திருமுல்கேரியில் மரம் அதிகம், ஆகவே எல்லா ஜீவராசிகளும் அதிகம். சமையலறையில் பல்லியா? "செண்பகத்தைக் கூப்பிடு." குளியலறையில் தேளா? "செண்பகம் பார்த்துப்பா." இன்வெர்ட்டரில் பொறி பறந்ததா, தெருநாய் கேட்டுக்குள் வந்ததா, தோட்டத்தில் எதுவோ நெளிந்ததா, எல்லாவற்றுக்கும் நான். மாமா வாசலில் நின்று, "அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். நான் துடைப்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில்மேல் ஏறி நின்று, பல்லியிடம் போகும்படி கண்ணீர் மல்கக் கேட்டுக்கொள்வேன். பல பல்லிகள் பெருந்தன்மையாக நடந்துகொண்டன.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை, முரளி, நான், மூன்று பேரும் கூட்டுக் களவாணிகள். (அத்தை ஏன் காப்பாற்றினார் என்று கேட்டேன். "நானும் உங்க ரெண்டு பேர் ஜாதகத்தையும் திருட்டுத்தனமாப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நீ மாட்டினா நானும் மாட்டுவேனே" என்றார்.)

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சு வலி. இரத்தக்குழாயில் அடைப்பு, குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். சிகிச்சை நாள் காலையில் அவரோடு ஒருத்தர்தான் இருக்கலாம் என்றது ஆஸ்பத்திரி. மனைவியையும் கூப்பிடவில்லை, மகனையும் கூப்பிடவில்லை. "செண்பகம் வரட்டும்" என்றார்.

பச்சை அங்கியில் அவர் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். பேனா இல்லாத மாமாவை அன்றுதான் பார்த்தேன். பக்கத்து இயந்திரத்தில் பச்சைக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலிருக்க நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல மாமா" என்றேன். ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி வந்தது.

"எனக்கு இருக்கு" என்றார்.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எனக்கும் இருக்கு மாமா. எனக்கு எல்லாத்துக்கும் பயம். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். அன்னைக்கு அந்தப் பழம்கூட..."

"உன்னுதுதான். தெரியும். உங்கம்மா போட்ட சத்தம் சார்மினார் வரைக்கும் கேட்டுருக்கும், எனக்குக் கேக்காதா?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்புறம் ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா, 'நீங்க ஏன் தொடல'ன்னு நீ திருப்பிக் கேப்பியே." கூரையைப் பார்த்தார். "என் கை போகலைம்மா. எவ்வளவோ பேசினேன், கை போகல. உன் கை நடுங்கினதையும் பார்த்தேன். ஆனா போச்சு. அதனாலதான் இன்னிக்கு உன்னை வரச் சொன்னேன்."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கியதில் யாருடைய நடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை. தள்ளுவண்டி வரும்வரை அப்படியே இருந்தோம்.

நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நர்ஸ் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, கம்மிய குரலில் நர்ஸிடம் கேட்டார். "பிழிஞ்ச தோலை என்ன பண்ணீங்க சிஸ்டர்? குப்பையில போட்றாதீங்க. எங்க மருமக சாப்பிடுவா."

அத்தை கையிலிருந்த பையைக் கீழே போட்டார். முரளி என்னைப் பார்த்தான், நான் அத்தையைப் பார்த்தேன். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, வார்டு அதிரச் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினோம். அன்றிலிருந்து எந்த ஓட்டலுக்குப் போனாலும் மாமா நாலு லைம் சோடா சொல்வார். பரிமாறுகிறவர் எழுதிக்கொண்டு திரும்பும்போது மறுபடி கூப்பிட்டு, என் பக்கம் கையைக் காட்டுவார். "மூணு கிளாஸ்ல போதும் தம்பி. அந்தம்மாவுக்குப் பழமாவே கொடுத்துடுங்க."